எதுவும் எழுதப்படாத கடிதத்தைப் புரதம் எப்படி வாசிக்கிறது? நீண்ட குறியீடற்ற ஆர்.என்.ஏ. பற்றி ஓர் ஐயம்

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவள் நான். சென்ற வாரம் தூது ஆர்.என்.ஏ., இடமாற்று ஆர்.என்.ஏ., இறைபோசோம் ஆர்.என்.ஏ. ஆகிய மூன்றையும் கரும்பலகையில் வரைந்து, பாடம் முடிந்தது என்ற நிம்மதியில் வெண்கட்டியை வைத்தேன். அப்போது கடைசி வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். பெண்களின் கலங்களில் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களுள் ஒன்றை அடக்கிவைப்பது புரதம் எதையும் ஆக்காத ஓர் ஆர்.என்.ஏ. என்று தான் வாசித்ததாகவும், அது உண்மையானால் எதுவுமே எழுதப்படாத ஒரு கடிதத்தைப் புரதங்கள் எவ்வாறு இனங்கண்டு வந்து சேர்கின்றன என்றும் கேட்டாள்.

நொதியத்துக்கும் கீழ்ப்படைக்கும் இடையிலான பூட்டும் திறப்பும் போன்ற பொருத்தத்தைச் சொல்லி அப்போதைக்குச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது என் விடையே எனக்கு ஒப்பவில்லை. எழுபத்தைந்து நியூக்கிளியோதைட்டுகள் அளவில் அமைந்த இடமாற்று ஆர்.என்.ஏ. ஒரே உறுதியான வடிவத்தில் மடிகிறது என்பதை விளங்கிக்கொள்ளலாம். அவள் குறிப்பிட்ட எக்சிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ.யோ 17,000க்கும் மேற்பட்ட நியூக்கிளியோதைட்டுகள் நீளமானது. அவ்வளவு நீண்ட இழை முழுவதற்கும் ஒரே வடிவம் இருக்க முடியுமா? புரதம் அதில் காண்பது மூலங்களின் (அடெனீன், யுராசில், குவானீன், சைற்றோசீன் என்ற நான்கு எழுத்துகளின்) ஒழுங்கையா, மடிப்பின் வடிவத்தையா? ஒரு குறித்த ஆர்.என்.ஏ.யும் ஒரு குறித்த புரதமும் கலத்துக்குள் மெய்யாகவே தொட்டுக்கொள்கின்றன என்பதை எப்படி அறிந்தார்கள்? இத்துறையில் வேலை செய்வோர் விளக்கினால் அடுத்த வகுப்பில் அவளுக்குத் திருத்தமான விடை சொல்வேன்.

கரைவலை எழுதியது:

ரீச்சர், நான் நிலாவெளியைச் சேர்ந்தவன். இப்போது வெளிநாட்டில் ஆர்.என்.ஏ.யுடன் பிணையும் புரதங்களைப் பற்றிய ஆய்வில் இருக்கிறேன். உங்கள் மாணவியின் கேள்வி இத்துறையின் நடுமுடிச்சைத் தொடுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பூட்டும் திறப்பும் என்ற உவமையை இங்கே கைவிட்டுவிடலாம். நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல நூறு மீற்றர் நீளமான கயிற்றின் எல்லா இடத்திலும் ஆட்கள் கைவைப்பதில்லை. கயிற்றின் பெரும்பகுதி தண்ணீருக்குள்ளோ மணலில் சுருளாகவோ கிடக்கும். கரையில் வெளித்தெரியும் சில பாகங்களை மட்டுமே பிடித்திழுப்பார்கள். நீண்ட குறியீடற்ற ஆர்.என்.ஏ.யும், அதாவது எக்சிஸ்டைப் போல் புரதம் எதையும் ஆக்காத நீண்ட இழையும், ஏறத்தாழ அப்படித்தான். முழு இழைக்கும் ஒரே வடிவம் இல்லை. ஆங்காங்கே உறுதியாக மடிந்த சிறு பகுதிகளும், அவற்றுக்கிடையே நெகிழ்ந்து கணத்துக்குக் கணம் வடிவம் மாறும் நீண்ட பகுதிகளும் உண்டு. புரதங்கள் தேடுவது வெளித்தெரியும் சிறு இடங்களை.

ஒழுங்கா வடிவமா என்பதற்கு விடை, ஆர்.என்.ஏ.யின் ஈரிழைச் சுருளின் அமைப்பிலேயே இருக்கிறது. டி.என்.ஏ.யின் சுருளில் பெரிய பள்ளம் அகலமானது. புரதத்தின் பக்கச் சங்கிலிகள் அதற்குள் நுழைந்து மூலங்களின் விளிம்புகளைத் தொட்டு ஒழுங்கை அறிய முடியும். ஆர்.என்.ஏ.யின் ஈரிழைச் சுருளில் அதே பள்ளம் ஆழமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் பக்கச் சங்கிலிகள் எளிதில் நுழைவதில்லை. மற்றப் பள்ளம் அகலமாகத் திறந்திருந்தாலும், எந்த மூலம் எங்கே இருக்கிறது என்பதை அது அவ்வளவாகக் காட்டிக்கொடுப்பதில்லை. எனவே ஈரிழைப் பகுதியில் பிணையும் புரதம் மூலங்களைக் காட்டிலும் சுருளின் வடிவத்தையும், றைபோசு வெல்லத்தின் ஐதரொட்சில் கூட்டங்களையும், பொசுபேற்றுகளின் மறையேற்றத்தையுமே கண்டுகொள்கிறது. ஒழுங்கை வாசிக்க விரும்பும் புரதத்துக்கு ஒற்றையிழை வேண்டும். மனிதக் கலத்தில் மிகப் பரவலாகக் காணப்படும் ‘ஆர்.என்.ஏ. இனங்காண் ஆட்சிப்பகுதி’ என்ற புரதப்பகுதி ஏறத்தாழத் தொண்ணூறு அமினோ அமிலங்களால் ஆனது. பீனைலலனீன், தைரோசீன் போன்றவற்றின் வளையங்களை மூலங்களின் மேல் தட்டுத்தட்டாக அடுக்கி, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மூலங்களை அது வாசிக்கிறது. நான்கு எழுத்துச் சொல் ஓர் ஆர்.என்.ஏ.யில் எத்தனையோ தடவை தற்செயலாகவே வரும். ஆகவே அந்தச் சொற்களில் எவை வெளியே தெரிகின்றன, எவை தண்டுக்குள் (இழை தன்னோடு தானே சோடி சேர்ந்த ஈரிழைப் பகுதிக்குள்) மூடிக்கிடக்கின்றன என்பதைத் தீர்மானிப்பதே மடிப்பின் முதல் வேலை என்பது என் கருத்து.

இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான சான்று மலட்-1 என்ற ஆர்.என்.ஏ.யில் இருக்கிறது. அதன் ஒரு கொண்டையூசி மடிப்பில் யுராசில்கள் தொடர்ந்து வரும் சிறு பகுதியொன்று எதிரிழையோடு சோடி சேர்ந்து மறைந்து கிடக்கிறது. அதற்கு எதிரேயுள்ள ஓர் அடெனீனில் கலம் ஒரு மெதைல் கூட்டத்தைச் சேர்க்கும்போது தண்டு தளர்ந்து யுராசில்கள் வெளிப்படுகின்றன. அவற்றைத் தேடும் எச்.என்.ஆர்.என்.பி.-சி என்ற புரதம் அதிகமாக வந்து பிணைகிறது. 2015இல் இது வெளியானது. அந்தப் புரதம் மெதைல் கூட்டத்தைத் தொடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பூட்டு மாறவில்லை, திரை விலகியது, அவ்வளவுதான்.

இனி எக்சிஸ்ட். அதன் தொடக்கத்துக்கு அண்மையில் ‘ஏ மீளொழுங்கு’ எனப்படும் பகுதி இருக்கிறது. இரண்டு டசினுக்குச் சற்று மேற்பட்ட நியூக்கிளியோதைட்டுகள் கொண்ட ஓர் அலகு, மனிதரில் எட்டரைத் தடவையும் எலியில் ஏழரைத் தடவையும் திரும்பத் திரும்ப வருகிறது. அலகுகளுக்கிடையே யுராசில் நிறைந்த இணைப்புகள் உள்ளன. இப்பகுதியை நீக்கினால் எக்சிஸ்ட் எக்ஸ் நிறமூர்த்தத்தின் மேல் பரவும், ஆனால் அதன் பரம்பரையலகுகள் அடங்கமாட்டா என்று 2002இல் காட்டினார்கள். இப்பகுதியில் வந்து பிணையும் முதன்மையான புரதம் ஸ்பென். 3,600க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் பெரும் புரதம் ஒரு முனையருகே ஆர்.என்.ஏ.யைப் பற்றிக்கொள்கிறது, மறுமுனையால் வேறு புரதங்களை அழைத்து வருகிறது. அவற்றுள் ஒன்று, டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் அசற்றைல் கூட்டங்களைக் கழற்றும் நொதியம். அது வேலை செய்த இடத்தில் பிரதியெடுத்தல் நின்றுபோகிறது.

எட்டு அலகுகள் எதற்கு என்று மாணவி கேட்பாள். தனித்த ஓர் அலகின் பிடி வலுவற்றது. பல அலகுகள் பக்கம் பக்கமாக இருக்கும்போது, ஒன்றிலிருந்து நழுவிய புரதத்தை அடுத்தது பிடித்துக்கொள்கிறது. நோராட் என்ற இன்னொரு ஆர்.என்.ஏ.யும் இவ்வழியையே கையாளுகிறது: ஏறத்தாழ 5,300 நியூக்கிளியோதைட்டுகளுக்குள் பதினைந்துக்கும் மேற்பட்ட பூமிலியோ என்ற புரதத்தின் பிணைப்பிடங்களை வைத்து அந்தப் புரதத்தைத் தன்னிடம் தேக்கிக்கொள்கிறது.

வெள்ளைமணல் கணினி எழுதியது:

கரைவலை எழுதியதில் பெரும்பாலானவை சரி. ஆனால், ‘மடிப்பு’ என்ற சொல்லை அவர் இவ்வளவு உறுதியோடு பயன்படுத்துவதால், மாணவிக்குப் போய்ச்சேரும் முன் ஓரிரு எச்சரிக்கைகளைச் சேர்க்க விரும்புகிறேன். நான் உயிரியலாளன் அல்லன், ஆர்.என்.ஏ. ஒழுங்குகளைக் கணினியில் ஒப்பிடுவது என் தொழில்.

ஓர் ஆர்.என்.ஏ.யின் ஒழுங்கைக் கணினிக்குக் கொடுத்தால் அது எப்போதும் ஏதோ ஒரு மடிப்பை வரைந்து தரும். எழுத்துகளைக் குலைத்துப்போட்டுக் கொடுத்தாலும் தண்டும் வளையமுமாக அழகிய படம் ஒன்று வரும். ஆகவே படம் இருப்பது வடிவம் இருப்பதற்குச் சான்றாகாது. மடிப்பு உயிர்வாழ்வுக்கு முக்கியமானது என்றால் பரிணாமத்தில் அதன் தடயம் இருக்க வேண்டும். ஓர் இனத்தில் குவானீன் அடெனீனாக மாறிய இடத்தில், அதன் சோடியான சைற்றோசீனும் யுராசிலாக மாறி, சோடி காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும். இடமாற்று ஆர்.என்.ஏ.யிலும் இறைபோசோம் ஆர்.என்.ஏ.யிலும் இத்தகைய இணைமாற்றங்கள் நிறையவே உண்டு. 2017இல் எலீனா ரிவாஸ், ஷோன் எடி ஆகியோரின் குழு ஹொட்டெயர், எஸ்.ஆர்.ஏ. என்ற வேறு இரண்டு குறியீடற்ற ஆர்.என்.ஏ.கள், எக்சிஸ்டின் ஏ மீளொழுங்கு ஆகியவற்றுக்கு முன்மொழியப்பட்டிருந்த மடிப்புகளை இதே சோதனைக்கு உட்படுத்தியபோது, புள்ளிவிபர அடிப்படையில் ஏற்கத்தக்க இணைமாற்றச் சான்று கிடைக்கவில்லை. மடிப்பே இல்லை என்று இதற்குப் பொருளல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒப்பிடும் ஒழுங்குகள் ஒன்றையொன்று மிக ஒத்திருந்தால் மாற்றங்களைக் காண வாய்ப்பே குறைவு என்று இதை மறுத்தவர்களும் உண்டு.

இரண்டாவது எச்சரிக்கை, தொடுகையைப் பற்றியது. ரீச்சரின் மூன்றாவது கேள்வியைக் கரைவலை தொடவில்லை. எனக்கு அதுவே முதற் கேள்வி. கலத்தை உடைத்துக் கரைசலாக்கி, ஒரு புரதத்தை எதிருடல் கொண்டு இழுத்தெடுத்து, அதனோடு எந்த ஆர்.என்.ஏ. வருகிறது என்று பார்த்தால், கலத்துக்குள் ஒருபோதும் சந்திக்காத இரண்டு கரைசலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஆர்.என்.ஏ. முழுவதும் மறையேற்றம், நேரேற்றமுள்ள எந்தப் புரதமும் அதில் ஓரளவு ஒட்டத்தான் செய்யும். இதனால்தான் உயிருள்ள கலத்தின் மேலேயே 254 நானோமீற்றர் அலைநீளமுள்ள கழியூதாக் கதிரைப் பாய்ச்சி, அக்கணத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் ஆர்.என்.ஏ.யையும் புரதத்தையும் பங்கீட்டு வலுப்பிணைப்பால் பூட்டிய பின்னரே கலத்தை உடைக்கும் ‘கிளிப்’ முறை 2003இல் வந்தது. அதிலும் குறை உண்டு: கதிர் யுராசிலையும் ஒற்றையிழையையும் விரும்பிப் பூட்டும், ஈரிழையில் பிணையும் புரதங்களைக் குறைவாகவே காட்டும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்குப் பரம்பரையலகுகளை அடக்கும் பி.ஆர்.சி.-2 என்ற புரதத்தொகுதியே உதாரணம். 2007இல் ஹொட்டெயர் கண்டுபிடிக்கப்பட்டபோது, அது பி.ஆர்.சி.-2ஐ உரிய பரம்பரையலகுகளுக்கு அழைத்துச் செல்கிறது என்ற கதை பரவலாக ஏற்கப்பட்டது. 2013இல் தோமஸ் செக்கின் ஆய்வுகூடம், இத்தொகுதி பக்றீரியா ஆர்.என்.ஏ. உட்பட எதோடும் தாராளமாகப் பிணைகிறது என்று சோதனைக் குழாயில் காட்டியது. பின்னர், குவானீன்கள் தொடர்ந்து வரும் இடங்களிலும் அவை நான்கிழையாக அடுக்கிய இடங்களிலும் அதற்கு விருப்பம் கூடுதல் என்று தெரியவந்தது. 2024இல் மிற்செல் கட்மனின் குழு, கழியூதாவால் பூட்டிய பின், புரதங்கள் அனைத்தையும் இயல்பழிக்கும் கடுமையான கழுவலுக்கு உட்படுத்திப் பார்த்தபோது, உயிருள்ள கலத்தில் பி.ஆர்.சி.-2 ஆர்.என்.ஏ.யோடு நேரடியாகப் பிணைவதற்கான தடயமே காணப்படவில்லை என்று அறிவித்தது. அதே சோதனையில் ஸ்பென் எக்சிஸ்டைப் பற்றியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. வகுப்பில் உதாரணம் காட்டுவதானால் ஹொட்டெயரை விட்டுவிட்டு எக்சிஸ்டோடு நிற்பதே பாதுகாப்பு.

கரைவலை எழுதியது:

வெள்ளைமணலின் இரண்டாவது எச்சரிக்கையை முழுமனத்தோடு ஏற்கிறேன். அதை விட்டது என் தவறு. முதலாவதில் பாதியைத்தான் ஏற்க முடியும்.

உறுதியான மடிப்புகள் மெய்யாகவே இருக்கின்றன, அவற்றுள் சில பளிங்காக்கப்பட்டும் இருக்கின்றன. மலட்-1இன் வால்முனையில் யுராசில் நிறைந்த இரண்டு பாகங்களுக்கிடையே அடெனீன் தொடர் நுழைந்து மூவிழைச் சுருளாகிறது. 2014இல் அதன் பளிங்கமைப்பு வெளியானது. இந்த ஆர்.என்.ஏ.யின் முனையில் வழக்கமான பல்-அடெனீன் வால் இல்லை. முனையிலிருந்து அரித்துக்கொண்டு வரும் நொதியங்களிடமிருந்து மூவிழையே அதைக் காக்கிறது. மெட்டில்-16 என்ற புரதம் அந்த மூவிழையோடு பிணைகிறது என்பதும் 2016இல் அறியப்பட்டது. இங்கே கண்டுகொள்ளப்படுவது வடிவமே.

வடிவம் நிலையானது என்று எண்ணுவதுதான் சிக்கலைத் தருகிறது. பழ ஈயில், ஆணின் ஒரே எக்ஸ் நிறமூர்த்தத்தைக் கூடுதலாக இயங்கச் செய்யும் ரொக்ஸ்-1, ரொக்ஸ்-2 என்று இரண்டு ஆர்.என்.ஏ.கள் உண்டு. முதலாவது மற்றையதைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு நீளம். ஒழுங்கிலும் ஒற்றுமை மிகக் குறைவு. ஆயினும் ஒன்று இல்லாவிட்டால் மற்றையது அதன் வேலையைச் செய்துவிடும். இரண்டும் இல்லாத ஆண் ஈக்களே மடிகின்றன. இரண்டுக்கும் பொதுவாக இருப்பவை ஏறத்தாழ எட்டு எழுத்துச் சிறு தொடரும் அதைச் சுற்றியுள்ள தண்டுகளும் மட்டுமே. எம்.எல்.ஈ. என்ற புரதம் அந்தத் தண்டை ஏ.ரி.பி. செலவிட்டு அவிழ்த்த பின்னரே அடுத்த புரதம் வந்து பிணைய முடிகிறது. தண்டு சரியான இடத்தில் இருக்கவும் வேண்டும், சரியான நேரத்தில் குலையவும் வேண்டும். கணினி வரையும் ஒற்றைப் படத்தில் இந்த நேரம் தெரியாது என்பதில் வெள்ளைமணலுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மடிப்பைக் கலத்துக்குள்ளேயே அளக்க வழி இருக்கிறது, ரீச்சர். சோடி சேராமல் நெகிழ்ந்திருக்கும் நியூக்கிளியோதைட்டின் ஐதரொட்சில் கூட்டத்தோடு மட்டும் தாக்கமுறும் இரசாயனப் பொருளைக் கலத்துக்குள் விட்டு, எங்கெங்கே தாக்கம் நடந்தது என்று எண்ணுவார்கள். 2005இல் கெவின் வீக்ஸின் குழு அறிமுகப்படுத்திய ‘ஷேப்’ முறையே அதன் அடிப்படை. அதே ஆர்.என்.ஏ.யைப் புரதங்கள் நீக்கிய நிலையிலும் அளந்து ஒப்பிட்டால், கலத்துக்குள் மட்டும் தாக்கம் குறைந்த இடங்கள் தெரியும். அவற்றுள் பல புரதம் உட்கார்ந்திருக்கும் இடங்கள்.

மூதூர் ஆய்வுகூடம் எழுதியது:

ரீச்சரின் மாணவி மருத்துவம் நோக்கிப் படிக்கிறாள் என்றால் இதுவும் அவளுக்குப் பயன்படலாம். நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் பணிபுரிகிறேன். தன்னெதிருடல் பரிசோதனைக்கு வரும் மாதிரிகளில் பெண்களுடையவை எவ்வளவு மிகுதி என்பதை நாள்தோறும் காண்கிறேன். எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் லூப்பஸ் நோய்க்கு ஆளானவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்பது பாடநூல்களிலேயே உள்ளது. எக்சிஸ்டைச் சூழ்ந்துள்ள புரதத்தொகுதி இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஹவர்ட் சாங்கின் ஆய்வுகூடம் 2024இல் எழுதியது.

அவர்கள் செய்த சோதனை மேலே பேசப்பட்டதோடு நேரே தொடர்புடையது. ஆண் எலிகளில் எக்சிஸ்ட் உண்டாகச் செய்தார்கள். முழு எக்சிஸ்டைக் கொடுத்தால் அது செருகப்பட்ட நிறமூர்த்தமே அடங்கிப்போகும் என்பதால் ஏ மீளொழுங்கை நீக்கிவிட்டுக் கொடுத்தார்கள். அடக்கும் ஆற்றல் போய்விட்டது. மற்றப் பகுதிகளில் புரதங்கள் திரள்வது போகவில்லை. நோய்க்கு இயல்பாகவே இடங்கொடுக்கும் எலி வகையில், பிரிஸ்டேன் என்ற எண்ணெயால் நோயைத் தூண்டியபோது, அந்த ஆண் எலிகளில் லூப்பஸ் போன்ற நோய் பெண் எலிகளில் காணும் அளவை நெருங்கியது. எக்சிஸ்டோடு இணையும் பல புரதங்களுக்கு எதிரான எதிருடல்கள் நோயாளரின் குருதியிலும் காணப்பட்டன. ஒரே இழையின் வெவ்வேறு பாகங்கள் வெவ்வேறு புரதங்களை ஏற்கின்றன என்பதும், ஒன்றை வெட்டினாலும் ஏனையவை வேலை செய்கின்றன என்பதும் இச்சோதனையில் தாமாகவே வெளிப்படுகின்றன.

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று வகுப்பில் பூட்டு உவமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கரைவலை உவமை பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது. ஒருவன் தன் அப்பப்பா சம்மாட்டியாக இருந்தவர் என்று எழுந்து நின்று சொன்னான். மாணவி மட்டும் விடவில்லை. ஏ மீளொழுங்கின் எட்டு அலகுகளையும் எட்டுத் தனித்தனிக் கொண்டையூசிகளாக நான் வரைந்ததைப் பார்த்து, ஒவ்வொன்றும் தனக்குள்ளே மடிகிறதா, பக்கத்து அலகோடு சோடி சேர்கிறதா என்று கேட்டாள். என்ன சொல்வது?

கரைவலை எழுதியது:

உங்கள் படத்தை அழித்து வரைய வேண்டியிருக்கும், ரீச்சர். ஓர் அலகைத் தனியே எடுத்துக் கரைசலில் பார்த்தால் கொண்டையூசியாக மடிவது உண்மைதான். ஆனால் 2016இல், ஈரிழைகளின் இரு பக்கங்களையும் சொராலின் சேர்வையால் கலத்துக்குள்ளேயே தைத்துப் பார்த்தபோது, அலகுகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சோடி சேர்ந்திருந்தன. முதலாவது எப்போதும் இரண்டாவதோடுதான் என்ற ஒழுங்கும் இல்லை. ஒரு மூலக்கூறில் இப்படியும் இன்னொன்றில் அப்படியுமாக இருக்கும். ஸ்பென் பற்றுவது, அவ்வாறு உண்டாகும் ஈரிழையும் அதன் ஓரத்து ஒற்றையிழையும் சந்திக்கும் விளிம்பில். எட்டு அலகுகளையும் வரைந்து, எதை எதோடு வேண்டுமானாலும் புள்ளிக்கோட்டால் இணைக்கலாம் என்று வெண்கட்டியை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.